அன்னபூரணி: வல்வையில் கட்டி அமெரிக்காவில் கரைசேர்ந்த ஒரு பாணி

1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாம் திகதி, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் ஒரு பாய்க்கப்பல் நங்கூரம் போட்டது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, பாய்மரம் இரண்டு. முன்மரத்தில் குறுக்கே கட்டிய பருமல்களும் அவற்றிலிருந்து விரியும் சதுரப் பாய்களும் இருந்தன. பின்மரத்துப் பாய் கப்பலின் நீளவாக்கில் விரிந்தது. பெயர் ‘ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்’. கேட்டால் அமெரிக்கச் சீமாட்டி ஒருத்தியின் பெயர் என்று தெரியும். ஆனால் கயிறு பிடித்து நின்றவர்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சித் தமிழர். கப்பலைக் கட்டியதும் அவர்களுடைய ஊரில்தான். அங்கே அதற்கு இட்ட பெயர் அன்னபூரணி அம்மாள்.

மறுநாள் பொஸ்டன் நகரப் பத்திரிகைகளுக்கு அது செய்தி. துறைமுகத்தார் வேடிக்கை பார்க்கத் திரண்டார்கள். குளோஸ்டர்காரர் கப்பல் காணாதவர்களா என்றால் இல்லை. அமெரிக்காவின் மிகப் பழைய மீன்பிடித் துறைமுகங்களில் அது ஒன்று. அவர்களுடைய ஸ்கூனர்கள் அத்திலாந்திக்கின் புயலுக்குள் போய்க் கொட் மீன் அள்ளி வந்தவை. ரட்யார்ட் கிப்ளிங் 1897இல் எழுதிய கடல் நாவல் அந்த ஊர் மீனவர்களைப் பற்றியது. அது திரைப்படமாகி வந்ததும் 1937இல்தான். ஆனால் முன்மரத்தில் சதுரப் பாய் கட்டிச் சரக்கேற்றும் பிரிகண்டைன் வகைக் கப்பலை அந்தத் தலைமுறை பெரும்பாலும் படத்தில்தான் பார்த்திருந்தது.

படம் என்று சொன்னது சும்மா அல்ல. கடலையும் கப்பலையும் வரைந்து பெயரெடுத்த ஃபிற்ஸ் ஹென்றி லேன் பிறந்த ஊர் அது. 1804 முதல் 1865 வரை வாழ்ந்த லேன், எந்தக் கயிறு எந்த மரத்தில் எந்த இடத்தில் முடியப்படும் என்பதைப் பிசகாமல் வரைந்தவர். பிறகு வின்ஸ்லோ ஹோமர் அங்கே வந்து தங்கி வரைந்தார். எட்வர்ட் ஹொப்பரும் வந்தார். ரி. எஸ். எலியட் சிறுவயதுக் கோடைகளைக் கழித்த கரையும் அதுதான். அப்பகுதிப் பாறைகளின் பெயரையே அவர் பின்னாளில் ஒரு நீள்கவிதைக்குத் தலைப்பாக வைத்தார். கப்பலைக் கலையாகப் பார்க்கப் பழகிய ஒரு துறைமுகம் அது. அங்கே லேனின் காலத்தோடு போய்விட்டதென்று நினைத்த ஓர் அமைப்பு, உப்பும் கறையுமாக உயிரோடு வந்து நின்றது.

அந்த அமைப்பு வடமராட்சியின் ஒரு கடற்கரைக் கிராமத்தில் எப்படி உயிரோடு இருந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இலக்கியத்திலோ கலையிலோ பாணியைப் பற்றிப் பேசும்போது, பொருள் முதலில் பிறக்கிறது, பாணி அதற்குப் பின்னர் பூட்டும் நகை என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். அன்னபூரணியின் கதை அந்த நினைப்புக்கு எதிரான சாட்சி.

அந்தக் கிராமம் வல்வெட்டித்துறை, சுருக்கமாக வல்வை. அது காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் நடுவே வடக்குக் கடலைப் பார்த்திருக்கிறது. எதிரே பாக்கு நீரிணை, அதற்கப்பால் கோடியக்கரையும் நாகபட்டினமும். இந்த ஊரின் செல்வம் வயலில் விளைந்தது அல்ல. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. மலையாளக் கரையிலிருந்து ஓடு வந்தது. இவற்றை ஏற்றி இறக்கிய கப்பல்கள் பல இவ்வூராருடையவை. அவற்றில் பல இந்த மணலிலேயே கட்டப்பட்டவை. ஊரின் பெரிய சிவன் கோவிலை 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பெரியவர் வெங்கடாசலம் கப்பல் முதலாளி. கோவிலின் கருங்கல்லுக்குப் பின்னால் ரங்கூன் அரிசியும் இருக்கிறது.

அந்த மணலில் 1930இல் அன்னபூரணி எழுந்தது. கட்டியவர் சுந்தர மேத்திரியார் என்பது ஊர் வழங்கும் செய்தி. மேத்திரியார் என்றால் தலைமைத் தச்சர். அவருக்குக் கீழே கப்பல் தச்சரான ஓடாவிகள், இரும்பு அடிக்கிறவர்கள், மூட்டு அடைக்கும் கலப்பற்று வேலைக்காரர், கயிறு முறுக்குகிறவர்கள். முதன்மையான மரம் வேம்பு.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு கப்பலின் வங்கு, அதாவது விலா எலும்பு, நேர்மரத்தில் அறுத்தெடுக்கிற சமாச்சாரம் அல்ல. நேர்ப்பலகையை வளைவாக வெட்டினால் மரத்தின் நரம்பு குறுக்கே அறுபடும். அலை ஒன்று ஓங்கி அடித்தால் அந்த இடத்தில் பிளக்கும். ஆகவே இயற்கையிலேயே வளைந்த மரம் வேண்டும். மேத்திரிமார் ஊர் ஊராகப் போய், வளவுகளிலும் கோவில் வீதிகளிலும் நிற்கிற வேம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். நிழலையும் காயையும் பார்க்கமாட்டார்கள். அடிமரத்திலிருந்து கொப்புப் பிரிகிற கவட்டின் கோணத்தைப் பார்ப்பார்கள். இது முன்பக்கத்து அணியத்துக்கு, அது நடுவங்குக்கு, மற்றது பின்பக்கத்துக்கு என்று நிற்கிற மரத்திலேயே கப்பலைக் கண்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நிலத்தில் காற்றோடு மல்லுக்கட்டி வளர்ந்த வேம்பு எப்படி வளைந்ததோ, அந்த வளைவுக்குள்தான் அன்னபூரணியின் வயிறு அமைந்தது. அவளுடைய உருவத்தில் முதல் கோட்டைப் போட்டது மண்.

இரண்டாவது கோட்டைப் போட்டது கடல். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். கரையோரம் கல்லும் முருகைப் பாரும். ஆழம் கேட்கிற கூர்மையான அடிப்பாகம் இங்கே உதவாது. சரக்கு நிறைய ஏற வேண்டும், ஆனால் கப்பல் அதிகம் தாழக் கூடாது. அதனால் வயிறு அகன்று, அடி சற்றுத் தட்டையாகி வந்தது.

மூன்றாவது கோடு காற்றினுடையது. சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காலத்தில் பாயை விரித்தால், காற்று முதுகுக்குப் பின்னால் நின்று பர்மாவை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். ரங்கூனில் அரிசியும் மரமும் ஏற்றிக் காத்திருந்தால், வாடை வடகிழக்கிலிருந்து எழும். அதுவும் முதுகுக்குப் பின்னால்தான். போகவும் வரவும் பின்காற்று வாய்க்கிற கடல் இது. பின்காற்றை அள்ளுவதற்குச் சதுரப் பாயைப் போல வேறொன்று இல்லை. ஆனால் சதுரப் பாய் மட்டும் இருந்தால், கரையோரமாகக் காற்றை வெட்டி நுழையவும் துறைக்குள் திரும்பவும் சிரமம். அதற்கு நீளவாக்குப் பாய் வேண்டும். முன்மரத்தில் முதலாவது, பின்மரத்தில் இரண்டாவது என்று வைத்தால் அதுதான் பிரிகண்டைன். ஆள் செலவும் குறைவு, ஏனென்றால் பருமலில் ஏறிப் பாய் சுருட்ட ஒரு மரத்துக்கு மட்டும் ஆட்கள் போதும்.

இந்தப் பாய் அமைப்பு நம்முடைய கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறி மாறி இந்தக் கடலில் ஓட்டிய கப்பல்களைப் பார்த்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்டு நம்மவர் கட்டினார்கள். இந்தியக் கடல்கலங்களின் அமைப்பைப் பற்றி 1920இல் விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஹோர்னெல், யாழ்ப்பாணத் தோணிகளில் இந்த ஐரோப்பியச் சாயலைக் கவனித்தவர். 1923இல் அவர் மற்றொரு கட்டுரையில் இன்னொன்றையும் எழுதினார். சைவத் தமிழர் ஓட்டிய கப்பல்களின் அணியத்தில் இருபுறமும் கண் வைக்கிற வழக்கம் அவர் காலத்தில் இருந்தது. கலம் தன் வழியைத் தானே காண வேண்டும் என்பது நம்பிக்கை. கட்டி முடித்துக் கடலில் இறக்கும்போது தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, பூச் சூட்டி, அம்மன் பெயரைச் சொல்லித் தள்ளுவார்கள். பாய் ஐரோப்பியம், விலா யாழ்ப்பாணத்து வேம்பு, பெயர் காசியில் சோறு போடுகிற அம்மன். இந்த மூன்றையும் யாரும் உட்கார்ந்து யோசித்துக் கலக்கவில்லை. தொழில் கலந்தது.

கலவைகளைப் பற்றி நம் இலக்கணக்காரர் அறியாதவர்கள் அல்லர். தண்டியலங்காரம் செய்யுள் நெறியை வைதருப்பம், கௌடம் என்று பிரிக்கும்போது, இரண்டுக்கும் தேசங்களின் பெயரையே வைக்கிறது. எந்த நிலத்தார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் நெறி. நம்முடைய கூத்திலும் வடமோடி, தென்மோடி என்று ஆட்டத்தையும் பாட்டையும் உடுப்பையும் சேர்த்துப் பிரிக்கிறோம். வடமோடிக் கதையை எடுத்துத் தென்மோடித் தாளத்தில் ஆடினால் அது அதே கூத்தாக இருக்காது. அரசனின் வரவும் வீரமும் அழுகையும் வேறாகிவிடும். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலில் காற்றின் பருவத்தை எடுத்துவிட்டால் மீனவர்கள் வாடி அமைக்கத் தீவுக்கு வரவே மாட்டார்கள், கதையும் நடக்காது. மஹாகவியின் ‘புதியதொரு வீடு’ நாடகத்தை உரைநடையில் எழுதியிருந்தால் அந்தக் கடற்கரை மனிதரின் துயரம் செய்தியாகச் சுருங்கியிருக்கும். அதைத் தாங்குவது பாநடை. கப்பலிலும் அப்படித்தான். சதுரப் பாயைக் கழற்றிவிட்டால் அன்னபூரணி பர்மாவுக்குப் போகிற கப்பலாக இருந்திருக்க மாட்டாள்.

கப்பல் கட்டுவதையே செய்யுளாக எழுதிவைத்த நூலும் தமிழில் உண்டு. ‘கப்பல் சாத்திரம்’ என்ற சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அச்சிட்டது. மரத்தின் அளவும், அதில் விழுந்திருக்கிற சுழியும் கணுவும் சொல்கிற பலனும், நல்ல நேரமும் அதில் வருகின்றன. படிக்கிற நவீன மனத்துக்கு ஒரு பாதி தச்சு, மறுபாதி சோதிடம் என்று தோன்றும். ஆனால் கப்பலின் அடிமரமான ஏராக்கட்டையில் எந்த இடத்தில் கணு இருந்தால் கெடுதி என்று சொல்லும்போது, அந்தச் சோதிடத்துக்குள் ஒரு தச்சனின் பயம் இருக்கிறது. எங்கே மரம் உடையும் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பாட்டில் வைத்தால் மறக்காது. வல்வையின் மேத்திரிமார் இந்த நூலைப் படித்துக் கட்டினார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுடைய நூல் கையும் கண்ணும்தான். வரைபடத்தாளை விரித்து வைத்து வேலை செய்கிற பழக்கமும் அவர்களிடம் இல்லை. ஏராவின் நீளம் தெரிந்தால் அகலம் தெரியும், அகலம் தெரிந்தால் பாய்மரத்தின் உயரம் தெரியும். எதுகை மோனை பிசகாமல் பாடுகிற புலவன் விரல் விட்டு எண்ணுவதில்லை என்பது போல, விகிதம் அவர்கள் உடம்பில் இருந்தது.

கலப்பற்று வேலையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற மூட்டில் பஞ்சுத்திரியை வைத்து, மழுங்கிய உளியால் கொட்டாப்புளி கொண்டு அடித்துத் திணிப்பார்கள். அளவு பார்க்கக் கருவி ஏதும் இல்லை. அடிக்கிற சத்தம் மந்தமாகக் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது, கணீரென்று திரும்பினால் திரி இறுகிவிட்டது. அதற்கு மேல் அடித்தால் பலகை விலகும். அதன் மேல் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவார்கள். நூற்றுக்கணக்கான அடி மூட்டு முழுவதையும் காதால் அளந்தே அடைத்தார்கள். அத்திலாந்திக்கில் தண்ணீர் உள்ளே வராமல் காத்தது அந்தக் காதுதான்.

கட்டி ஆறு ஆண்டுகள் அன்னபூரணி சரக்குக் கப்பலாக இருந்தாள். ஆனால் அவள் பிறந்ததே நேரங்கெட்ட நேரத்தில். நீராவிக் கப்பல்கள் காற்றுக்குக் காத்திராமல் நாள் குறித்து வந்து போயின. பாய்க்கப்பலுக்குச் சரக்குக் கொடுக்கிற வணிகர் குறைந்துகொண்டு வந்தார்கள். உலகப் பொருளாதார மந்தமும் அப்போதுதான். இந்தச் சமயத்தில்தான் 1936இல் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் வல்வெட்டித்துறைக்கு வந்தார்.

ரொபின்சன் அமெரிக்கர், கடலோடி, எழுத்தாளர். 32 அடி நீளமேயான ‘ஸ்வாப்’ என்ற படகில் 1928இல் புறப்பட்டு 1931இல் உலகைச் சுற்றி முடித்தவர். அதுவரை உலகைச் சுற்றிய படகுகளில் அதுவே மிகச் சிறியது என்று அப்போது பேசப்பட்டது. அந்தப் பயணத்தை 1932இல் நூலாக எழுதினார். 1934இல் கலாபகஸ் தீவுகளில் குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்தவரை அமெரிக்கப் படை விமானத்தில் வந்து காப்பாற்றிய கதையும் உண்டு. அப்படிப்பட்ட மனிதர் வல்வெட்டித்துறைக் கடலில் பிரிகண்டைன் ஒன்று தொழிலுக்காகவே நிற்பதைப் பார்த்தார். மேற்கில் அருங்காட்சியகத்துக்கும் ஓவியத்துக்கும் போய்விட்ட அமைப்பு, இங்கே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டார். மனைவியின் பெயரை வைத்தார். ஃபுளோரன்ஸ் கிரேன் ரொபின்சன், மசாசூசெற்ஸின் இப்ஸ்விச் ஊரில் மாளிகை கட்டி வாழ்ந்த செல்வந்தக் குடும்பத்துப் பெண்.

விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கண்ணில் பட்டது ஒரே கப்பல்தான். ஆனால் ஒருவர் பார்த்தது உழைத்துத் தேய்ந்த, இனிச் சரக்குக் கிடைக்காத கலம். மற்றவர் பார்த்தது அழகு. முன்மரத்துப் பருமல்கள் முதலாமவருக்குச் சோளகத்தை அள்ளும் கருவி, இரண்டாமவருக்கு அவை ஒரு நூற்றாண்டின் கடல் நாவல்கள் முழுவதும். கலைப்பொருள் ஒன்று தன் ஊரைவிட்டுப் போகும்போது இதுதான் நடக்கிறது. கோவில் மூலையில் எண்ணெய் ஏறி நின்ற செப்புத்திருமேனி லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் வேறு விதமாகப் பார்க்கப்படுகிறதே, அதே கதை. ஆனால் அன்னபூரணியைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. அவள் போக வேண்டுமானால் ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஓட்டத் தெரிந்தவர்கள் வல்வெட்டித்துறையில்தான் இருந்தார்கள்.

அப்படி ஐந்து பேர் வேலைக்கு அமர்ந்தார்கள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை அவர்களுக்குத் தலைவர். வெள்ளையர் கப்டன் ஒருவரும் பின்னர் பொறுப்பில் இருந்தார். 1937இல் தொடங்கிய பயணம் அரபிக்கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் என்று போய், அத்திலாந்திக்கைக் கடந்து பெர்முடாவைத் தொட்டு, குளோஸ்டரில் முடிந்தது.

இந்தப் பாதையைப் படத்தில் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு கோடு. கப்பலுக்கு அது ஒரு சோதனை. சோளகத்துக்கும் வாடைக்கும் பழகிய பாய்களுக்கு முதலில் வந்தது செங்கடல். அங்கே வடபாதியில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்துதான் வரும், அதாவது முகத்துக்கு நேரே. சதுரப் பாய்க்கு அதைவிடக் கெட்ட காற்று இல்லை. காற்றைச் சாய்வாக வெட்டி, கப்பலை ஒருமுறை அந்தக் கரைப்பக்கம், ஒருமுறை இந்தக் கரைப்பக்கம் திருப்பித் திருப்பி ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கயிறுகளை அவிழ்த்து, பருமல்களை மறுபக்கம் இழுத்து, மீண்டும் கட்ட வேண்டும். இங்கே கைகொடுத்தது பின்மரத்து நீளவாக்குப் பாய். பாக்கு நீரிணையில் கரைக்குத் திரும்புவதற்காக அமைத்த அந்தப் பாதிதான் செங்கடலில் கப்பலை முன்னே கொண்டுபோனது. அத்திலாந்திக்கில் தெற்கே இறங்கி வணிகக் காற்றைப் பிடித்தால் கதை தலைகீழ். காற்று பின்னாலிருந்து நாட்கணக்கில் ஒரே சீராக வீசும். அங்கே வேலை முன்மரத்துச் சதுரப் பாய்க்கு. பர்மாவுக்காகச் சேர்த்த இரண்டு பாய் வகைகளும் அமெரிக்காவுக்கும் வழி சொல்லின.

தொடக்கத்து ஒரு பகுதியைத் தவிர அந்த வழியில் எங்கும் அவர்களுக்குத் தெரிந்த கரை இல்லை. தெரிந்த நட்சத்திரம் இருந்தது, தெரிந்த வேலை இருந்தது. சேலை, வேட்டி, சோறு, மொழி ஒன்றும் அகப்படாத துறைகளில் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு, ஓர் ஆண்டுக்கு மேல் ஊரைவிட்டுப் பிரிந்திருந்து, கப்பலைச் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அன்னபூரணியை வாங்கிய பிறகு ரொபின்சன் செய்தது கவனிக்கத்தக்கது. அவர் இப்ஸ்விச்சில் கப்பல் கட்டும் தளம் ஒன்றைத் தொடங்கினார். 1938இல் அங்கே ‘சுவிஃப்ட் ஒஃப் இப்ஸ்விச்’ என்ற கப்பல் இறங்கியது. அது 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கப்பல் ஒன்றின் வரைபடத்தை அடியொற்றிக் கட்டியது. ஹொலிவூட் நடிகர் ஜேம்ஸ் காக்னி பின்னர் அதை வாங்கினார். இன்னும் பிற்காலத்தில் லொஸ் ஏஞ்சலிசில் இளைஞர்களுக்குப் பயிற்சிக் கப்பலாகவும் அது ஓடியது. 1942இல் ரொபின்சன் தனக்கென்று ‘வருவா’ என்ற கப்பலைக் கட்டினார். 70 அடி நீளம், இரண்டு பாய்மரம், முன்மரத்தில் சதுரப் பாய். அதுவும் பிரிகண்டைன். அதில்தான் போருக்குப் பின் தாகிட்டிக்குப் போய்க் குடியிருந்தார். 1950களில் அதில் தென்கடலுக்குப் போன பயணம் கடல் எழுத்தில் பேசப்படும் நூலாயிற்று. வருவாவில் அன்னபூரணியின் சாயல் இருக்கிறது என்று ஆவணம் காட்டி நிறுவ என்னால் ஆகாது. ஆனால் வல்வெட்டித்துறையில் ஒரு பிரிகண்டைனை விலை கொடுத்து வாங்கியவர், தன் வாழ்நாள் கப்பலுக்கும் அதே பாய் அமைப்பைத் தேர்ந்தார் என்பது சாட்சி தேவையில்லாத உண்மை.

சுவிஃப்ட்டையும் அன்னபூரணியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய அமெரிக்கப் பாணி அந்த ஊர் மரவேலைக்காரரின் கையிலிருந்து போயே போய்விட்டது. ஆனால் தாளில் வரைபடம் இருந்தது. தாள் இருந்ததால் நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் ஒருவர் அதை மறுபடியும் கட்ட முடிந்தது. அன்னபூரணியின் பாணி 1930இல் தாள் இல்லாமலே உயிரோடு இருந்தது. ஏனென்றால் மேத்திரியார் இருந்தார், ஓடாவி இருந்தார், சரக்கு இருந்தது, காற்று இருந்தது. ஒரு பாணி இரண்டே வழியில்தான் வாழும். ஒன்று, அது நாளாந்தம் புழங்க வேண்டும். அல்லது, புழக்கம் நிற்கும் முன் யாராவது எழுதிவைக்க வேண்டும். நாம் முதலாவதை நம்பி இரண்டாவதை விட்டுவிட்டோம்.

முதலாவது நிலைக்கவில்லை. 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அறுந்தது. 1948க்குப் பின் இரண்டு சுதந்திர நாடுகளுக்கு நடுவே சுங்கமும் கடவுச்சீட்டும் வந்து நின்றன. தலைமுறை தலைமுறையாக வாழ்க்கை என்று நடந்த நீரிணைப் போக்குவரத்துக்குக் கள்ளக்கடத்தல் என்று பெயர் விழுந்தது. பாய் போய் இயந்திரம் வந்தது. பிறகு போர் வந்தது. கடற்கரையே பாதுகாப்பு வலயமான காலத்தில் கப்பல் கட்டுகிற மணல் எங்கே, மேத்திரி எங்கே? 1930இல் கப்பலைக் கட்டிய கைகள் தங்கள் அளவைச் சொல்லிவிட்டுப் போக மாணாக்கர் கூட மிஞ்சவில்லை.

ஆனாலும் ஓர் ஊரின் கைப்பழக்கம் ஒரேயடியாக அழிவதில்லை. தைப்பொங்கலில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது தெரியும். அங்கே ஏறுவது வாலும் விண்ணும் கட்டிய சாதாரணப் பட்டங்கள் மட்டுமல்ல. முப்பரிமாணத்தில் கட்டிய வாகனங்கள், பறவைகள், கப்பல்கள் ஏறுகின்றன. ஒரு சட்டத்தின் கனம் கூடினால் மூக்கு குத்தும், குறைந்தால் உடம்பு சுழலும். நூல் கட்டும் முச்சை எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதைக் கட்டுகிறவன் சட்டத்தை விரலில் நிறுத்திப் பார்த்தே கண்டுபிடிக்கிறான். முத்துமாரியம்மன் கோவிலின் இந்திரவிழாவில் வீதி முழுக்க எழும்புகிற அலங்காரக் கட்டுமானங்களிலும் அதே கையைக் காணலாம். மரத்தின் வளைவையும் காற்றின் தள்ளலையும் கணக்குப் போட்ட ஊர் மூங்கிலுக்கும் தாளுக்கும் மாறியிருக்கிறது என்பது என் கணிப்பு. இதில் பெருமைப்பட இடமுண்டு, திருப்திப்பட இடமில்லை. பட்டம் பர்மாவுக்குப் போகாது.

அன்னபூரணி அமெரிக்கா போன பெருமையை நாம் மேடையில் சொல்கிறோம், விழா மலரில் அச்சிடுகிறோம். எத்தனை அடி, எந்தத் திகதி, யார் ஓட்டியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு காவியத்துக்கு எத்தனை பாட்டு என்று எண்ணிச் சொல்லிவிட்டு, அதில் என்ன சந்தம், ஏன் அந்தச் சந்தம் என்று கேட்காமல் விடுவதில்லை. கப்பலிடமும் அதைக் கேட்க வேண்டும். அணியத்தின் வளைவு என்ன கோணம், வங்குக்கும் வங்குக்கும் நடுவே எத்தனை விரற்கடை, ஏராவின் நீளத்துக்குப் பாய்மரம் எத்தனை பங்கு, கண் எந்த இடத்தில் வைத்தார்கள், வைக்கிற நாளில் என்ன செய்தார்கள்? இவற்றுக்கு விடை இருந்தால்தான் அன்னபூரணி நமக்குச் சொந்தமான கலை. இல்லாவிட்டால் அவள் ஓர் அமெரிக்கர் வாங்கிய பழைய கப்பல்.

ஆகவே வல்வெட்டித்துறையிலும், பருத்தித்துறையிலும், கம்பர்மலையிலும், இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற வல்வையாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பூட்டனார் மேத்திரியாகவோ ஓடாவியாகவோ தண்டையலாகவோ இருந்திருந்தால், வீட்டுப் பரணில் அவர் கைக்கோல், உளி, கணக்குக் கொப்பி, கப்பல் ஒப்பந்தம், பழைய படம் ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்காரனிடம் போட வேண்டாம். படம் பிடித்து நூலக நிறுவனத்துக்கு அனுப்புங்கள், அல்லது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஒப்படையுங்கள். கலப்பற்றுச் சத்தத்தைக் காதால் அளந்த கடைசி முதியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கைத்தொலைபேசியை இயக்கி அவர் முன்னால் வையுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை மேலே எழுதியிருக்கிறேன்.